அறிவுக்கு முத்திரையிடுவோர் யார்?

துறையறிஞரால் மதிப்பிடப்பெற்ற கட்டுரை என்னும் தொடர் இன்று கல்வியுலகிலே பெருமதிப்புடன் வழங்கி வருகின்றது. ஆராய்ச்சிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை வந்து சேர்ந்ததும் அதன் ஆசிரியர் அதனை அத்துறையிலே தேர்ச்சி பெற்ற இருவர் மூவரிடம் அனுப்புகின்றார். அவர்கள் கட்டுரையைப் படித்து, அதனை ஏற்கலாமா, திருத்தி ஏற்கலாமா, தள்ளிவிடலாமா என்பதை எழுத்திலே தெரிவிக்கின்றனர். பெரும்பாலும் அவர்களின் பெயர் கட்டுரையாளருக்கு அறிவிக்கப்படுவதில்லை. பல்கலைக்கழக ஆசிரியரின் பதவியுயர்வும், ஆய்வு மாணவரின் எதிர்காலமும், புதிய மருந்தொன்றின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையும் இம்மதிப்பீட்டிலே தங்கியுள்ளன.

இத்துணை வலிமை பெற்றுவிட்ட ஒரு முறை தன்னை என்றும் நிலவி வந்த ஒன்றாகக் காட்டிக்கொள்வது இயல்பே. விஞ்ஞானச் சஞ்சிகை பிறந்த நாளிலேயே இம்முறையும் உடன்பிறந்தது என்று பலர் எழுதியுள்ளனர். வரலாற்றைச் சிறிது உற்றுநோக்குவோர்க்கு இக்கூற்று பொருந்தாமை புலனாகும். எத்தகைய சமுதாயத் தேவை இம்முறையை உருவாக்கியது, அது எவர் நலனைக் காத்தது, எவரை வாயிலிலே நிறுத்தியது என்னும் வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டன் றோயல் கழகம் 1660ஆம் ஆண்டிலே தோன்றியது. மன்னராட்சி மீண்டும் நிலைநாட்டப்பட்ட காலம் அது. உள்நாட்டுப் போரும் மன்னன் தலை துணிக்கப்பட்டமையும் ஆளும் வகுப்பினர் நினைவை விட்டு அகலவில்லை. 1662ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம், அனுமதி பெறாத எந்நூலும் அச்சேறலாகாது என்று விதித்தது. இச்சூழ்நிலையிலே தன் வெளியீடுகளுக்குத் தானே அனுமதி வழங்கும் உரிமையை அரச சாசனத்தின் மூலம் பெற்றமை கழகத்துக்குக் கிடைத்த பெருஞ்சலுகையாகும். சலுகையுடன் பொறுப்பும் வந்தது. மன்னனுக்கோ திருச்சபைக்கோ ஒவ்வாத ஒரு சொல் வெளிவரின் அதற்குக் கழகமே விடைகூறல் வேண்டும்.

கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச் 6ஆம் தேதி பிலோசோபிக்கல் ற்றான்சக்ஷன்ஸ் என்னும் சஞ்சிகையின் முதல் இதழை வெளியிட்டார். அதற்குச் சில நாள் முன்னர், மார்ச் 1ஆம் தேதி, உறுப்பினர் சிலர் முதலிலே பார்வையிட்ட பின்பு ஆட்சிக்குழு அச்சஞ்சிகைக்கு அனுமதி வழங்கவேண்டும் என்று கழகம் தீர்மானித்தது. இன்றைய மதிப்பீட்டு முறையின் பிறப்புச் சான்றாகப் பலர் காட்டுவது இத்தீர்மானத்தையே. ஆயின், சோதனை சரியா, கணிதம் பிழையா என்று ஆராய்வதற்கு எழுந்த தீர்மானம் அன்று அது. தணிக்கைச் சட்டம் விதித்த கடமையை நிறைவேற்ற எழுந்த ஏற்பாடே அது. எதனை வெளியிடுவது என்பதை ஓல்டன்பர்க் தாமே முடிவு செய்து வந்தார். சஞ்சிகையும் அவருடைய சொந்த முயற்சியாகவே நடந்தது. அவர் வாழ்ந்த காலத்தின் தன்மைக்கு வேறு சான்றும் உண்டு. 1667ஆம் ஆண்டிலே ஒல்லாந்தருடன் நடந்த போரைப் பற்றிக் கடிதங்களிலே குறைகூறினார் என்னும் ஐயத்தின்பேரில் அவர் இலண்டன் கோபுரச் சிறையிலே சில வாரங்களைக் கழிக்க நேர்ந்தது.

அடுத்த நூற்றாண்டிலே நிலைமை மாறியது. ஓல்டன்பர்க்கின் பின்வந்த செயலாளர்களும் சஞ்சிகையைத் தத்தம் பொறுப்பிலேயே நடத்தினர். எனினும் வெளியுலகம் அதனைக் கழகத்தின் குரலாகவே கொண்டது. அதிலே வெளிவந்த அற்பமான கட்டுரைகளையும் நம்பத்தகாத அதிசயச் செய்திகளையும் தொகுத்து, ஜோன் ஹில் என்பார் 1751ஆம் ஆண்டிலே கழகத்தை எள்ளிநகையாடி ஒரு நூலே எழுதிவிட்டார். மறு ஆண்டிலே கழகம் சஞ்சிகையைத் தன் கையிலே எடுத்துக்கொண்டது. கட்டுரைகளைத் தெரிவு செய்யக் குழுவொன்று அமைக்கப்பட்டது. குழுவினர் இரகசிய வாக்களிப்பின் மூலம் கட்டுரையை ஏற்றனர் அல்லது மறுத்தனர்.

இங்கே ஒரு செய்தியை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். அக்குழு தன் தெரிவைப் பற்றி வெளியிட்ட அறிவித்தலிலே, பொருளின் சிறப்பும் புதுமையும் சொல்லும் முறையின் நேர்த்தியும் கருதியே கட்டுரைகள் தெரிவு செய்யப்படுவதாகக் கூறியது. அவற்றிலே கூறப்படும் செய்திகளின் உண்மைக்குக் கழகம் பொறுப்பாகாது என்பதும் தெளிவாக உரைக்கப்பட்டது. கனவான்களின் கழகம் தன் நற்பெயரைக் காத்துக்கொள்ள வகுத்த வழி அது. உண்மைக்குச் சான்றிதழ் வழங்குவதாக அது உரிமை பாராட்டவில்லை.

எழுத்து மூலமான மதிப்பீட்டறிக்கை என்பது 1830களிலேதான் தோன்றுகின்றது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஹியூவல், கழகத்துக்கு வரும் கட்டுரைகளைப் பற்றி அறிஞர் இருவர் அறிக்கை எழுதி அதனைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும் என்று முன்மொழிந்தார். விஞ்ஞானத்தைப் பலரறியச் செய்வதும், புதிய ஆய்வுகளுக்கு ஊக்கமளிப்பதுமே அவர் கருதிய பயன். பூமியினதும் வெள்ளியினதும் இயக்கத்தைப் பற்றி வானியலாளர் ஜோர்ஜ் எயரி எழுதிய கட்டுரை முதற் சோதனையாயிற்று. மதிப்பிட அமர்ந்தவர் ஹியூவலும் ஜோன் லபக்கும் ஆவர். தொடக்கத்திலேயே இருவருக்குமிடையே பிணக்கு மூண்டது. கட்டுரையின் பெருமையை எடுத்துரைப்பதே அறிக்கையின் கடன் என்றார் ஹியூவல். கணித முறையிலுள்ள குறைகளைச் சுட்டாமல் விடலாகாது என்றார் லபக். இன்று மதிப்பீட்டாளர் செய்யும் பணியின் இருமுகமும் இந்த முதற் பிணக்கிலேயே தோன்றிவிட்டன. ஒருவாறு உடன்பாடு காணப்பட்டு 1832ஆம் ஆண்டிலே அறிக்கை வெளிவந்தது. ஆயின் பகிரங்க அறிக்கை என்னும் முறை நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அறிக்கைகள் கழகத்தின் அலுமாரிக்குள்ளே முடங்கும் இரகசியப் பத்திரங்களாயின. புலவன் அவைநடுவே நின்று தடைக்கு விடைகூறி நூலை அரங்கேற்றும் மரபை அறிந்த நமக்கு, இம்மாற்றத்தின் பொருள் எளிதிலே விளங்கும். குறைகூறுவோன் மறைந்துகொண்டான், விடைகூறும் வாய்ப்பும் உடன் மறைந்தது.

மறைவிலே வழங்கப்படும் தீர்ப்பின் விளைவு என்ன என்பதற்கு ஜோன் ஜேம்ஸ் வோட்டர்ஸ்ரன் என்பாரின் கதை சான்றாகும்.

1811ஆம் ஆண்டிலே எடின்பரோவிற் பிறந்த வோட்டர்ஸ்ரன் ஓர் ஆசிரியர். 1839ஆம் ஆண்டிலே பம்பாய்க்குச் சென்று, கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்படைப் பயிலுநர்க்குக் கல்வி கற்பித்து வந்தார். ஓய்வு நேரத்திலே அவர் உள்ளத்தை ஈர்த்தது வாயுக்களின் இயல்பு. வெப்பம் ஒருவகை நுண்பாய்பொருள் என்னும் கொள்கை இன்னும் முற்றாக ஒழியாத காலம் அது. வாயு என்பது ஓயாது விரைந்தோடும் எண்ணற்ற நுண்துகள்களின் திரள் என்றும், அவை கலத்தின் சுவரிலே மோதுவதே அமுக்கமாகும் என்றும், அவற்றின் இயக்கசக்தியே வெப்பநிலையாக வெளிப்படுகின்றது என்றும் அவர் கணித முறையிலே நிறுவ முயன்றார். நிறையால் வேறுபட்ட துகள்கள் கலந்திருப்பினும் ஒவ்வொரு வகைத் துகளின் சராசரி இயக்கசக்தியும் சமமாகவே இருக்கும் என்னும் முடிவும் அவர் கட்டுரையிலே இருந்தது. பிற்காலப் பௌதிகத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக விளங்கப்போகும் முடிவு அது.

1845ஆம் ஆண்டின் இறுதியிலே அக்கட்டுரை பம்பாயிலிருந்து கப்பலேறி இலண்டன் சென்றது. றோயல் கழகம் அதனை மதிப்பீட்டாளர் இருவரிடம் அனுப்பியது. ஒருவர் ஒக்ஸ்போட் பேராசிரியர் பேடன் பவல். மற்றவர், எயரியின் கட்டுரையிலே குறைகண்ட அதே லபக். கணித அறிஞர், இலண்டன் வங்கியாளர் குடும்பத்தவர். முழுவதும் வெற்றுரை, கழகத்திலே படிப்பதற்குங்கூடத் தகுதியற்றது என்பதே லபக் எழுதிய தீர்ப்பின் சாரம். எனினும் 1846ஆம் ஆண்டிலே கட்டுரை கழகத்திலே முறைப்படி படிக்கப்பட்டு, சிறு சுருக்கம் ஒன்று மாத்திரம் அச்சாயிற்று. படிக்கப்பட்ட கட்டுரை கழகத்தின் உடைமை என்பது விதி. ஆகவே கையெழுத்துப்படி திருப்பியனுப்பப்படவில்லை. வோட்டர்ஸ்ரனிடம் வேறு பிரதியும் இருக்கவில்லை. தாம் எழுதியதைத் தாமே மீண்டும் படிக்க இயலாத நிலை அவருக்கு நேர்ந்தது.

1857ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான கிளோசியஸ் அதே கொள்கையை வெளியிட்டார். 1860ஆம் ஆண்டிலே மக்ஸ்வெல்லின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. பம்பாயிலிருந்து திரும்பிவிட்ட வோட்டர்ஸ்ரனை அறிந்தார் எவருமிலர். 1883ஆம் ஆண்டிலே ஒருநாள் வீட்டைவிட்டு நடந்து சென்ற அவர் திரும்பி வரவில்லை. நீரிலே வீழ்ந்து இறந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

எட்டாண்டுகள் கழிந்த பின்னர், கழகத்தின் செயலாளராக இருந்த றேலி பிரபு, வோட்டர்ஸ்ரனின் பிற்காலக் கட்டுரையொன்றிலே காணப்பட்ட குறிப்பைப் பின்பற்றிச் சென்று, 1891ஆம் ஆண்டிலே கழகத்தின் பழஞ்சுவடிகளுக்கிடையே இக்கட்டுரையைக் கண்டெடுத்தார். 1892ஆம் ஆண்டிலே அது ற்றான்சக்ஷன்ஸ் சஞ்சிகையிலே முழுமையாக அச்சேறியது. எழுதப்பட்டு ஏறத்தாழ 47 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அது உரிய காலத்திலே வெளிவராமையால் அத்துறையின் வளர்ச்சி பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தள்ளப்பட்டிருக்கலாம் என்று றேலியே தம் முன்னுரையிலே ஒப்புக்கொண்டார்.

ஆயின் அம்முன்னுரையிலே அவர் கூறிய அறிவுரை நம் கவனத்துக்குரியது. பெயரறியப்படாத எழுத்தாளர் துணிவான கருத்துக்களை வெளியிடுவதற்கு அறிஞர் கழகங்களைவிட வேறு வழிகளை நாடுவது நன்று என்றும், பெரியன செய்ய வல்லோம் என நம்பும் இளைஞர் முதலிலே எளிதில் மதிப்பிடத்தக்க சிறு ஆய்வுகளாலே நன்மதிப்பைத் தேடிக்கொள்ளல் வேண்டும் என்றும் அவர் எழுதினார். றேலி நேர்மையுள்ள விஞ்ஞானி. இறந்தவருக்கு நீதி வழங்கியவரும் அவரே. அத்தகையவருங்கூடத் தவற்றைக் கழகத்தின் அமைப்பிலே காணாது, வோட்டர்ஸ்ரன் தேர்ந்த வழியிலேயே கண்டமை சிந்திக்கத்தக்கது. மையத்திலே இருப்போர் இடும் நிபந்தனைகளை ஓரத்திலே இருப்போர் நிறைவேற்றிய பின்பே அவர்கள் குரல் கேட்கப்படும் என்பதே அவ்வறிவுரையின் உட்பொருள்.

எனினும் மதிப்பீட்டு முறையே தீது என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இம்முறை எங்கும் பரவியிருக்கவில்லை. ஜேர்மனியிலே சஞ்சிகை ஆசிரியர்களே பெரும்பாலும் முடிவு செய்தனர். 1905ஆம் ஆண்டிலே ஐன்ஸ்ரைனின் புகழ்பெற்ற கட்டுரைகள் அவ்வாறே அச்சேறின. 1924ஆம் ஆண்டிலே டாக்காப் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பித்த சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துணிக்கைகளைப் பற்றிய தம் கட்டுரைக்கு இங்கிலாந்துச் சஞ்சிகையிலே இடம் கிடைக்காமையால், அதனை ஜூன் 4ஆம் தேதி ஐன்ஸ்ரைனுக்கே அனுப்பினார். ஐன்ஸ்ரைன் அதனைத் தாமே ஜேர்மன் மொழியிலே பெயர்த்து வெளியிடச் செய்தார். போஸ் வென்றார், ஆயின் ஒரு பெரியாரின் பெருந்தன்மையே அவருக்குத் துணையாயிற்று. முறையான மதிப்பீடு இல்லாத இடத்திலே தனிமனிதரின் தயவே வாயிலைத் திறக்கின்றது என்பதும் இதனாற் பெறப்படும்.

அதே ஐன்ஸ்ரைன் 1936ஆம் ஆண்டிலே நேதன் றோசனுடன் சேர்ந்து ஈர்ப்பலைகளைப் பற்றி எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் பிசிக்கல் றிவியூ சஞ்சிகைக்கு அனுப்பினார். அத்தகைய அலைகள் இருத்தல் இயலாது என்பது அவர்கள் கண்ட முடிவு. சஞ்சிகையாசிரியர் ஜோன் ரேற் அதனை ஒருவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பி, வந்த விரிவான குறிப்புக்களை ஐன்ஸ்ரைனுக்குத் தெரிவித்தார். ஐன்ஸ்ரைன் வெகுண்டார். அச்சிடுவதற்கு அனுப்பினோமேயன்றி அயலாருக்குக் காட்டுமாறு கூறவில்லை என்று விடையெழுதிக் கட்டுரையை மீட்டுக்கொண்டார். மதிப்பிட்டவர் ஹவார்ட் றொபேட்சன் என்னும் பௌதிகவியலாளர் என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே சான்றுடன் வெளியாயிற்று. அவர் சுட்டிய பிழை உண்மையான பிழையே. 1937ஆம் ஆண்டிலே வேறொரு சஞ்சிகையிலே கட்டுரை வெளிவந்தபோது முடிவு முற்றாக மாற்றப்பட்டிருந்தது. எத்துணைப் பெரிய அறிஞராயினும் உடனுழைப்போரின் கண் அவருக்கும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இம்முறை உலகெங்கும் பொதுவிதியானமைக்கு இரண்டாம் உலகப்போருக்குப் பிற்பட்ட நிலைமைகளே காரணமாயின. அணுகுண்டையும் ஏவுகணையையும் கண்ட அரசுகள் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை ஒதுக்கின. கட்டுரைகள் பெருகின. சஞ்சிகையாசிரியர் ஒருவரே எல்லாத் துறையையும் அறிந்திருத்தல் இயலாததாயிற்று. 1959ஆம் ஆண்டிலே சந்தைக்கு வந்த ஸெரொக்ஸ் பிரதியெடுக்கும் பொறி, ஒரே கட்டுரையைப் பலருக்கு ஏககாலத்திலே அனுப்புவதை எளிதாக்கியது. ஆயினும் புகழ்பெற்ற சஞ்சிகைகள் உடனே இம்முறையைத் தழுவவில்லை. 1953ஆம் ஆண்டிலே வாற்சனும் கிறிக்கும் மரபணுவின் அமைப்பை விளக்கிய கட்டுரை, வெளியார் மதிப்பீடு இன்றியே நேச்சர் சஞ்சிகையிலே வெளிவந்தது. அச்சஞ்சிகை எல்லாக் கட்டுரைகளையும் முறைப்படி மதிப்பீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது 1973ஆம் ஆண்டிலேதான். 1970களிலே அமெரிக்க அரசியலிலும் ஒரு புயல் எழுந்தது. மக்களின் வரிப்பணம் வீணாகின்றது என்று செனற்றர் புறொக்ஸ்மயர் போன்றோர் குற்றஞ்சாட்டினர். 1975ஆம் ஆண்டிலே அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபை இதனை விசாரித்தது. பணத்தை எதற்கு வழங்குவது என்பதை அரசியல்வாதிகளா முடிவு செய்வது, அறிஞர்களா என்னும் போராட்டத்திலே விஞ்ஞானிகள் ஏந்திய கேடயம் துறையறிஞர் மதிப்பீடே. இவ்வாறு, 1752ஆம் ஆண்டிலே உண்மைக்குப் பொறுப்பேற்க மறுத்த ஒரு நடைமுறை, இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் உண்மைக்குக் காவலன் என்னும் பட்டத்தைப் பெற்றது.

இதே காலத்திலே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அறிஞர் கழகங்களின் கையிலிருந்த சஞ்சிகைகள் வணிக நிறுவனங்களின் கைக்கு மாறத் தொடங்கின. 1951ஆம் ஆண்டிலே றொபேட் மக்ஸ்வெல் பெர்கமொன் பதிப்பகத்தைத் தம் வசமாக்கி நூற்றுக்கணக்கான சஞ்சிகைகளைத் தோற்றுவித்தார். 1991ஆம் ஆண்டிலே அது எல்செவியர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இத்தொழிலின் பொருளாதாரம் விந்தையானது. ஆய்வுக்குப் பொதுப்பணம் செலவாகின்றது. எழுதுவோர் ஊதியம் பெறுவதில்லை. மதிப்பிடுவோரும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கின்றனர். முடிந்த பொருளை, அதனை ஆக்கிய பல்கலைக்கழகங்களின் நூலகங்களே மீண்டும் விலைகொடுத்து வாங்குகின்றன. எல்செவியர் போன்ற நிறுவனத்தின் இலாபம் வருவாயிலே நூற்றுக்கு 30க்கும் மேற்பட்டதாக இருந்து வந்துள்ளது. உடனுழைப்போர் ஒருவருக்கொருவர் செய்யும் கைமாறு கருதாத உதவி மூலதனத்தின் பெருக்கத்துக்கு உரமாகும் காட்சியை இங்கே காண்கின்றோம்.

மறைவும் செல்வாக்கும் இன்றும் தீர்ப்பைத் திரிக்கின்றனவா? 1982ஆம் ஆண்டிலே பீற்றர்ஸ், செசி என்னும் இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். புகழ்பெற்ற உளவியல் சஞ்சிகைகளிலே முன்னரே வெளிவந்த 12 கட்டுரைகளை எடுத்து, எழுதியோர் பெயரையும் நிறுவனத்தையும் அறியப்படாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, வெளியிட்ட அதே சஞ்சிகைகளுக்கே மீண்டும் அனுப்பினர். மூன்று மாத்திரமே பழையவை என்று கண்டறியப்பட்டன. எஞ்சிய 9 கட்டுரைகளுள் 8 தள்ளப்பட்டன. 1997ஆம் ஆண்டிலே சுவீடனின் மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் மதிப்பீடுகளை ஆராய்ந்த வென்னராஸ், வோல்ட் என்னும் பெண் விஞ்ஞானிகள் இருவர், ஆணுக்குச் சமமான புள்ளியைப் பெறுவதற்குப் பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆய்வுப்பணி செய்திருத்தல் வேண்டும் என்று காட்டினர்.

மறுபுறத்திலே, பொய்யைத் தடுப்பதற்கும் இம்முத்திரை போதாதென்பது தெளிவாகியுள்ளது. தடுப்பூசிக்கும் சிறுவரின் ஓட்டிசம் நிலைக்கும் தொடர்புண்டு என்னும் அச்சத்தைப் பரப்பிய கட்டுரை, 1998ஆம் ஆண்டிலே மதிப்பீட்டைக் கடந்தே லான்செற் மருத்துவ சஞ்சிகையிலே வெளிவந்தது. அது மீளப்பெறப்பட்டது 2010ஆம் ஆண்டிலேதான். 2014ஆம் ஆண்டிலே, போலி மதிப்பீட்டாளர்களை உருவாக்கித் தம் கட்டுரைகளுக்குத் தாமே நற்சான்று வழங்கிய மோசடியொன்று வெளிப்பட்டு, ஒரே சஞ்சிகையிலிருந்து 60 கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. கட்டுரைகளின் எண்ணிக்கையே பதவிக்கும் பணத்துக்கும் அளவுகோலாகும் இடத்திலே முத்திரையும் கள்ளச்சந்தைப் பொருளாவது வியப்பன்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? உடனுழைப்போர் ஒருவரது ஆக்கத்தை மற்றொருவர் ஆராய்ந்து குறைநிறை காணும் வழக்கம் அறிவுலகின் அரிய செல்வங்களுள் ஒன்று. றொபேட்சன் ஐன்ஸ்ரைனுக்குச் செய்தது அத்தகைய தொண்டு. அவ்வழக்கத்துடன் மறைவும், பதவியின் செருக்கும், வணிக இலாபமும் சேரும்போது அது வாயிற்காவலாகத் திரிகின்றது. லபக் வோட்டர்ஸ்ரனுக்குச் செய்தது அத்தகைய தீங்கு. இரண்டும் ஒரே பெயரால் வழங்குவதே குழப்பத்துக்குக் காரணம்.

பரிகாரம் எத்திசையிலே உள்ளது என்பதற்கு அறிகுறிகள் தோன்றியுள்ளன. 1999ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை, மதிப்பீட்டாளரின் பெயரைக் கட்டுரையாளர் அறியும் முறையை மேற்கொண்டது. மதிப்பீட்டறிக்கைகளைக் கட்டுரையுடன் வெளியிடும் வழக்கமும் பரவி வருகின்றது. 1830களிலே ஹியூவல் கண்ட கனவே இது. தீர்ப்பு வெளிச்சத்துக்கு வந்தால், தீர்ப்பளிப்போரையும் பிறர் மதிப்பிடலாம். ஆயின் திறந்த அறிக்கை மாத்திரம் போதாது. சஞ்சிகைகள் மீண்டும் அறிஞர் சமூகத்தின் பொதுவுடைமையாதல் வேண்டும். கீழ்நிலையிலுள்ள இளைஞர் தம் மேலோரைக் குறைகூறினும் பழிக்கு ஆளாகாத பாதுகாப்பும் வேண்டும்; அஃதில்லாத இடத்திலே வெளிப்படைத்தன்மை வாய்மூடும் வழியாகிவிடும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. நமது பல்கலைக்கழகங்களிலும் சஞ்சிகையின் பெயரையும் கட்டுரைகளின் தொகையையும் கொண்டு ஒருவரை அளக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. ஒரு கூற்று எங்கே அச்சாயிற்று என்று கேட்பதோடு மாணவர் நின்றுவிடலாகாது. அதற்குச் சான்று யாது, அச்சான்றை மறுப்போர் கூறுவது யாது, அவர்களுக்கு இடமளிக்கப்பட்டதா என்று கேட்கவும் அவர்களைப் பழக்குதல் வேண்டும். பம்பாயிலிருந்து ஓர் ஆசிரியர் அனுப்பிய கட்டுரை இலண்டன் அலுமாரியொன்றிலே நாற்பத்தேழு ஆண்டுகள் கிடந்தபோது, அதிலிருந்த உண்மை எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை. அதனை அறிந்து பயன்கொண்டிருக்கக்கூடிய ஒரு தலைமுறையே இழப்புக்குள்ளாயிற்று. அத்தகைய இழப்பு எங்கும் எவருக்கும் நேராவண்ணம் அறிவின் வாயிலைத் திறந்து வைத்தல் நமது காலத்தின் பணியாகும்.